உப்பு யாருடையது?

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் உற்சவத்தில் ஏழாம் நாள் பட்டிமன்றம் நடக்கும். வருஷா வருஷம் தலைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான். 'விசுவாசத்தில் விஞ்சி நின்றவன் கும்பகர்ணனா, வீடணனா?'

கும்பகர்ணன் கட்சிக்காரர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். "அண்ணன் செய்தது தப்பு, சீதையைத் திருப்பி அனுப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னவன் கும்பகர்ணன். ஆனாலும் தின்ற சோற்றுக்குக் கணக்குத் தீர்க்கப் போர்க்களம் போனானே, அவன் மனுஷன்!" என்பார். (அரக்கனை மனுஷன் என்று பாராட்டுவது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும்.) கைதட்டல் பறக்கும். அடுத்து வீடணன் கட்சி. "அநியாயத்துக்குத் துணை போவதற்குப் பெயர் விசுவாசமா? ஊருக்குத் தீ வைப்பவன் என் அண்ணன் என்பதற்காக நானும் விறகு தூக்கிப் போட வேண்டுமா?" என்று கேட்பார். அதற்கும் கைதட்டல். தட்டுவது அதே ஆட்கள்தான். கடைசியில் நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கும்பகர்ணன் அன்பால் உயர்ந்தான், வீடணன் அறத்தால் உயர்ந்தான்" என்று சொல்லிவிட்டு, போர்த்திய சால்வையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்களுக்குச் சுண்டல்.

சின்ன வயசில் அந்தத் தீர்ப்பு எனக்குப் பெரிய மோசடியாகப் பட்டது. கேட்டது ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில் சொல்ல மூன்று மணி நேரம் போதாதா? ரொம்ப வருஷம் கழித்து இம்பால் யுத்தம் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் அந்த நடுவர் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

இம்பால் எங்கே என்று கேட்டால், மணிப்பூரின் தலைநகரம் என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். அது எப்படி இருக்கிறது என்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். கல்யாண வீட்டில் சீர் வைக்கும் பெரிய தாம்பாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தட்டை. சுற்றிலும் உயர்ந்த விளிம்பு. விளிம்பு முழுக்க மலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 அடி உயரத்தில் இருக்கும் அந்தத் தட்டையில் நெல் வயல்களும், தெற்கே லோக்தாக் ஏரியும். மணிப்பூரின் பரப்பில் இந்தச் சமவெளி பத்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் மலை.

இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு மலையும் காடும்தான். ஒரு பெரிய படை அதைக் கடக்க வேண்டுமானால் இடையில் எங்காவது நின்று மூச்சு வாங்க வேண்டும். விமானம் இறக்க வேண்டும், அரிசி மூட்டை அடுக்க வேண்டும், லாரி நிறுத்த வேண்டும். அதற்குத் தோதான பெரிய சமதரை இந்தத் தாம்பாளம்தான். வடக்கே கோஹிமா வழியாக திமாப்பூர் ரயிலடிக்கு ஒரு சாலை. தென்கிழக்கே பாலேல் வழியாக பர்மா எல்லையில் இருக்கும் தாமுவுக்கு ஒரு சாலை. தெற்கே டிட்டிம்முக்கு ஒன்று. இவற்றைப் பிடித்தவன் இரண்டு தேசங்களுக்கும் நடுவில் இருக்கும் கதவைப் பிடித்தவன்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மாவில் இருந்த லட்சக்கணக்கான இந்தியர்கள், அதில் நம் தமிழர்களும் ஏராளம், மூட்டை முடிச்சோடு மலையேறி நடந்தார்கள். தாமு, பாலேல், இம்பால் என்று வந்த அந்த வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு கிடையாது. அதே வருஷம் மே மாதம் ஜப்பானிய விமானங்கள் இம்பால் நகரத்தின் மேல் குண்டு போட்டன. ஊர் காலியானது. அடுத்த இரண்டு வருஷத்தில் பிரிட்டிஷார் அந்தச் சமவெளியை ஒரு மாபெரும் கிடங்காக மாற்றினார்கள். ஆறு விமானத்தளங்கள், ஆஸ்பத்திரிகள், வெடிமருந்துக் குவியல்கள், மலை மலையாக ரேஷன்.

இந்த மேடையில்தான் நம் பட்டிமன்றம் மறுபடி நடந்தது, நிஜத் துப்பாக்கிகளோடு.

இப்போது நீங்கள் கொஞ்ச நேரம் வேறொருவராக இருக்க வேண்டும். உங்களுக்கு இருபத்திரண்டு வயசு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய். தேதி 1942 பிப்ரவரி 17. இடம் சிங்கப்பூர், ஃபாரர் பார்க் மைதானம். இரண்டு நாளைக்கு முன்னால் சிங்கப்பூர் சரணடைந்துவிட்டது. வெள்ளைக்கார அதிகாரிகளையும் சிப்பாய்களையும் வேறு முகாமுக்கு அனுப்பியாகிவிட்டது. இந்தியர்கள் மட்டும் நாற்பதாயிரம் பேருக்கு மேல் புல்தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வந்து உங்களை ஃபுஜிவாரா என்ற ஜப்பானிய மேஜரிடம் ஒப்படைக்கிறார். ஆடு மாடு கைமாறுவது போல, அவ்வளவு சுருக்கமாக. ஃபுஜிவாரா உங்களை கேப்டன் மோகன் சிங் என்ற இந்திய அதிகாரியிடம் ஒப்படைக்கிறார். மோகன் சிங் கேட்கிறார்: இந்தியாவின் விடுதலைக்காகச் சண்டை போட யார் யார் வருகிறீர்கள்?

கை தூக்குவீர்களா?

அவசரப்படாதீர்கள். இன்று சோபாவில் சாய்ந்துகொண்டு கை தூக்குவது சுலபம். அன்று உங்கள் மண்டைக்குள் என்னவெல்லாம் ஓடும் என்று யோசியுங்கள். படையில் சேர்ந்த அன்று ராஜாவின் பேரில் சத்தியம் செய்திருக்கிறீர்கள். அப்பாவும் அதே ரெஜிமென்டில் இருந்தவர். ஊரில் அம்மாவுக்கு மாசா மாசம் மணியார்டர் போகிறது. கை தூக்கினால் அது நின்றுவிடலாம். தூக்காவிட்டால் இந்த ஜப்பான்காரன் என்ன செய்வானோ. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன் தூக்குகிறானா என்று ஒரு ஓரப் பார்வை. இதற்கு நடுவே, உங்களை இப்படிக் கைமாற்றிவிட்டுப் போன அந்த வெள்ளைக்கார அதிகாரியின் முதுகு.

தூக்கினவர்களும் உண்டு, தூக்காதவர்களும் உண்டு. தூக்காதவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர்கள் நியூகினி பக்கம் கப்பலேற்றி வேலை வாங்கினார்கள். ஏராளமானோர் திரும்பி வரவில்லை. ஆக, மறுத்தவன் கோழை என்று ஒரு வரியில் முடிக்கிற வேலை நடக்காது. தூக்கினவன் எல்லாம் தேசபக்தன் என்பதும் நடக்காது. முகாம் சோற்றுக்காகத் தூக்கினவன் இருந்தான், ஜப்பானியனிடமிருந்து தன் ஆட்களைக் காப்பாற்றத் தூக்கினவன் இருந்தான். நிஜமாகவே நெஞ்சு கொதித்துத் தூக்கினவனும் இருந்தான்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு கதை வேறு வேகம் எடுத்தது. சிப்பாய்கள் மட்டுமில்லாமல், மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சென்னையிலிருந்து போன டாக்டர் லட்சுமி பெண்கள் படைக்கே தலைமை ஏற்றார். அதே தோட்டங்களிலிருந்து அதே ஜப்பானியர்கள் பல்லாயிரம் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போய் சயாம் - பர்மா ரயில் பாதையில் சாகடித்தார்கள் என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

1944 மார்ச். ஜப்பானின் பதினைந்தாவது படையின் தளபதி ரென்யா முட்டகுச்சி மூன்று டிவிஷன்களோடு சிந்துவின் நதியைக் கடந்தார். சுமார் 85,000 பேர். கூடவே ஐ.என்.ஏ.யின் சில ஆயிரம் பேர். முட்டகுச்சியின் கணக்கு ரொம்ப எளிமையானது. மூன்று வாரத்தில் இம்பாலைப் பிடித்துவிடலாம், ஆகவே மூன்று வாரச் சாப்பாடு போதும், அதற்கப்புறம் பிரிட்டிஷ்காரன் அடுக்கி வைத்திருக்கும் ரேஷனைத் தின்றுகொள்ளலாம். உபரி ஏற்பாடாக ஆயிரக்கணக்கில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். சுமையும் தூக்கும், பசித்தால் வெட்டியும் தின்னலாம் என்று யோசனை. நம்மூர் மாட்டுக்காரப் பையன் ஒருவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், மாடு செங்குத்து மலை ஏறாது என்று. ஆற்றில் முழுகினது பாதி, பள்ளத்தில் உருண்டது மீதி.

முட்டகுச்சி சாலைகளை அறுத்தார். தாம்பாளம் முற்றுகைக்குள் வந்தது. ஆனால் ஆகாயத்தை அவரால் அறுக்க முடியவில்லை. அரக்கான் முனையிலிருந்து ஒரு முழு டிவிஷனையே விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். அரிசி, மாவு, குண்டு, பெட்ரோல் எல்லாம் ஆறு தளங்களிலும் இறங்கின. திரும்பிப் போகும் விமானங்களில் காயம்பட்டவர்களும் சண்டைக்கு உதவாதவர்களும் போனார்கள். ஜூன் 22-ஆம் தேதி கோஹிமா சாலையில் 109-ஆவது மைல்கல் அருகே இரு பக்கப் படைகளும் சந்தித்து முற்றுகை உடைந்தது. வந்த 85,000 பேரில் சுமார் 30,000 பேர் பர்மா திரும்பவில்லை. குண்டடி பட்டுச் செத்தவர்களைவிடப் பசியிலும் பேதியிலும் மலேரியாவிலும் செத்தவர்களே அதிகம். அவர்கள் பின்வாங்கிய பாதைக்கு ஜப்பானியர்களே வைத்த பெயர், எலும்புச் சாலை.

யுத்தக் கதை இவ்வளவு போதும். நம் கேள்விக்கு வருவோம்.

முற்றுகையின் முதல் வாரங்களில், ஏப்ரல் 6-ஆம் தேதி, இம்பாலுக்கு வடக்கே ஒரு குன்றைப் பிடிக்கும்படி ஜமேதார் அப்துல் ஹஃபீஸுக்கு உத்தரவு வருகிறது. ஜாட் ரெஜிமென்ட்காரர், ரோத்தக் பக்கத்துக் கலானூர். இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே வெறும் சரிவில் தன் ஆட்களை முன்னால் நின்று நடத்திக்கொண்டு ஏறினார். குன்று பிடிபட்டது, அவர் இறந்தார். விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அவர் கல்லறை இம்பாலில் இருக்கிறது.

அதே மாதங்களில், தெற்கே சின் மலையில், ஐ.என்.ஏ.யின் சுபாஷ் பிரிகேடை நடத்திக்கொண்டிருந்தவர் ஷா நவாஸ் கான். ராவல்பிண்டி பக்கத்து ராணுவக் குடும்பம். ஆண் பிள்ளை பிறந்தால் ரெஜிமென்டுக்கு என்று எழுதிவைத்த குடும்பம். முதலில் ஐ.என்.ஏ.வை எதிர்த்து நின்றவர்தான். பிறகு மாறினார். பின்னாளில் நீதிமன்றத்தில் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு இடம் வரும். தன் சொந்தச் சகோதரனே எதிர்ப் படையில் இருந்தான், இருவரும் எதிரெதிராகச் சண்டையிட்டோம், அவன் காயப்பட்டான் என்கிறார். சித்தப்பா பெரியப்பா வழியிலோ மாமா வழியிலோ ஒரு உறவுக்காரரோடு சின் மலையில் இரண்டு மாதம் அநேகமாக தினமும் மோதினோம் என்கிறார். ராஜாவா, நாடா என்ற கேள்வி வந்தது, நான் நாட்டை எடுத்துக்கொண்டேன் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

இலங்கைக் கதையில்கூட வீடணன் தன் அண்ணனுக்கு எதிரில் நின்றான் என்று படித்துவிட்டுப் போய்விடுகிறோம். இங்கே அந்தக் குடும்பத்து அம்மாவை நினைத்துப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்கு வேண்டிக்கொள்வாள்?

ஐ.என்.ஏ.க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எதிர்ப் பக்கத்தில் இருக்கிறவனும் நம்மவன்தானே, நம் குரலைக் கேட்டால் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வந்துவிடுவான் என்று. பாலேல் விமானத்தளத்தைத் தாக்க ராத்திரியில் கிளம்பிய காந்தி பிரிகேட் அந்த நம்பிக்கையோடுதான் போனது. (துப்பாக்கிப் படைக்கு காந்தி பெயர்! அந்த வாரத்தில் காந்தியே ஆகாகான் மாளிகைச் சிறையில் உடம்பு சரியில்லாமல் இருந்தார். மே 6-ல்தான் விட்டார்கள். யாராவது அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ.) குரல் கேட்டது. யாரும் வரவில்லை. பதிலுக்குக் குண்டுகள்தான் வந்தன. பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் தன் யுத்த நினைவுகளில் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். சரணடைய வந்த ஐ.என்.ஏ. ஆட்களைத் தன்னுடைய இந்திய, கூர்க்கா சிப்பாய்கள் பல சமயம் உயிரோடு பிடிக்கத் தயாராக இல்லையாம். கொஞ்சம் இரக்கமாக வரவேற்கும்படி தனியே உத்தரவு போட வேண்டி வந்ததாம்.

எனக்கு இந்த இடம் தொண்டையில் முள். ஏன் இவ்வளவு கோபம்? வெள்ளைக்காரனைவிட அதிகமாக இவனுக்கு ஏன் ஆத்திரம்?

நான் யோசித்த வரையில் இப்படித்தான் தோன்றுகிறது. அந்தச் சிப்பாய் ஐந்தாம் ஜார்ஜையோ ஆறாம் ஜார்ஜையோ நினைத்துக்கொண்டு பதுங்குகுழியில் உட்கார்ந்திருக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மக்கில் டீ குடித்தவன் நேற்றுச் செத்துப்போனான். எதிரிலிருந்து வருகிறவன் அவனைக் கொன்ற கூட்டத்தோடு வருகிறான், அதுவும் தன் பாஷை பேசிக்கொண்டு. அவன் விசுவாசம் ராஜாவுக்கு இல்லை, அந்த மக்குக்கு. கும்பகர்ணன் ராவணனின் கொள்கைக்காகவா செத்தான்?

பட்டாளத்தில் இதற்கு ஒரு வார்த்தை உண்டு: 'நமக் ஹலால்'. தின்ற உப்புக்கு உண்மையாக இருப்பவன். நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் இருக்கிறது, 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' இருக்கிறது. நல்ல குணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. உப்பு யாருடையது?

ராஜா உப்புப் போட்டார் என்கிறோம். ராஜா எங்கே உப்புக் காய்ச்சினார்? வேதாரண்யத்தில் காய்ச்சினால் பிடித்து உள்ளே போட்டவர்கள் அல்லவா அவர்கள்? இந்தியக் கடலில் இந்தியக் கூலி வாரிய உப்புக்கு இந்தியக் குடியானவனிடம் வரி வாங்கி, அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சிப்பாய்க்குப் போட்டுவிட்டு, 'என் உப்பைத் தின்றாய்' என்றால் எப்படி? 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். சுமார் முப்பது லட்சம் பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த மாகாணத்துக்குப் பக்கத்தில்தான் இம்பாலின் ரேஷன் மலைகள்.

மணிப்பூருக்கு இந்த விஷயம் புதிதே இல்லை. 1891-ல் பிரிட்டிஷார் அந்த ராஜ்யத்தை ஜெயித்த பிறகு இளவரசர் டிகேந்திரஜித்தை இம்பாலில் பகிரங்கமாகத் தூக்கில் போட்டார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? மகாராணிக்கு எதிராக யுத்தம் செய்தது. அவர் மகாராணியின் குடிமகனே இல்லை, மணிப்பூர் பிரிட்டிஷ் இந்தியாவிலேயே இல்லை. தின்னாத உப்புக்குத் தண்டனை! ஐம்பத்து நாலு வருஷம் கழித்து, 1945 நவம்பரில், டெல்லி செங்கோட்டையில் ஷா நவாஸ், பிரேம் சேகல், தில்லான் மூவர் மீதும் போட்டது அதே குற்றச்சாட்டு. ராஜாவுக்கு எதிராக யுத்தம். அடிமைப்பட்ட ஜனங்களுக்கு விடுதலைக்காகப் போர் செய்ய உரிமை உண்டு என்று பூலாபாய் தேசாய் வாதாடினார். ஆயுள் தண்டனை விதித்தார்கள். தேசம் முழுக்கக் கொந்தளித்ததைப் பார்த்து 1946 ஜனவரி 3-ஆம் தேதி தண்டனையை ரத்து செய்தார் தலைமைத் தளபதி ஆக்கின்லெக். வேலை நீக்கம் மட்டும் நின்றது.

என் கட்சி எது என்று கேட்கிறீர்கள். மழுப்ப மாட்டேன். நடுவர் மாதிரி சால்வையை மடித்துக்கொண்டு கிளம்பவும் மாட்டேன். உப்பு யாருடையது என்ற கணக்கில் ஷா நவாஸ் சொன்னதுதான் சரி. ஆனால் அதே மூச்சில் அப்துல் ஹஃபீஸைக் கூலிப்படைக்காரன் என்று சொல்கிறவனோடு நான் உட்கார்ந்து ஒரு டீ கூடக் குடிக்க மாட்டேன்.

ஏன் என்றால் ஷா நவாஸின் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. முன்னால் ஒன்றை எழுதிவைத்தேன் அல்லவா, அதை இப்போது எடுங்கள். ஒரே தோட்டத்து லயத்தில் அண்ணன் சயாம் ரயில் பாதையில் ஜப்பானியன் கையால் சாகிறான், தம்பி ஜப்பானியனோடு சேர்ந்து இந்தியாவை மீட்கப் போகிறான். ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயத்தில் ஐ.என்.ஏ.யில் சேர்ந்தவர்களும் உண்டு. அந்தமான் தீவுகளை ஆஜாத் ஹிந்த் அரசாங்கத்திடம் ஒப்படைத்ததாக ஜப்பான் அறிவித்தது. போஸும் 1943 டிசம்பர் கடைசியில் போய்க் கொடி ஏற்றினார். ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30-ல், ஹம்ஃப்ரேகஞ்சில் 44 இந்தியர்களை ஒற்றர்கள் என்று சொல்லி ஜப்பானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். இம்பால் படையெடுப்புக்கு ஐந்தே வாரம் முன்னால். ஜப்பான் ஏமாற்றினால் ஜப்பானோடும் சண்டை போடுவோம் என்று ஐ.என்.ஏ.க்காரர்கள் சொன்னார்கள். மனசாரத்தான் சொன்னார்கள். வீடணனுக்கு அந்தப் பக்கம் கிடைத்தது ராமன். இவர்களுக்குக் கிடைத்தது முட்டகுச்சி. கட்சி மாறுகிறவன் எந்தக் கட்சியை விட்டு வருகிறான் என்பது மட்டும் பார்த்தால் போதாது, எங்கே போய்ச் சேருகிறான் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் 1944-ல் அந்தக் காட்டுக்குள் நின்றவனுக்கு மூன்றாவது பக்கம் ஒன்று இருந்ததா?

இருந்தது என்று காட்டிய ஆள் ஒருவர் உண்டு. இந்தியரும் இல்லை, இங்கிலீஷ்காரரும் இல்லை. கோட்டோகு சாட்டோ. கோஹிமாவைப் பிடிக்க அனுப்பப்பட்ட முப்பத்தோராவது டிவிஷனின் தளபதி. சக்கரவர்த்தியின் பேரில் சத்தியம் செய்தவர். அந்த ராணுவத்தில் சத்தியம் என்பது நம் கற்பனைக்கு எட்டாத கனமான விஷயம். ஏப்ரல் போனது, மே போனது, ஒரு மூட்டை அரிசி வரவில்லை. சாட்டோ கேட்டார், கெஞ்சினார், திட்டினார். முட்டகுச்சியிடமிருந்து வந்தது 'நிலைகொள்' என்ற உத்தரவு மட்டும்தான். மே மாதக் கடைசியில் சாட்டோ உத்தரவை மீறித் தன் டிவிஷனைத் திருப்பி அழைத்துக்கொண்டார். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி அப்படிச் செய்வது கேள்விப்படாத காரியம். பதவி பறித்தார்கள். வயிற்றைக் கிழித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் மாட்டேன் என்றார். என்னை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், நடந்ததையெல்லாம் சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான், மேலிடத்துக்கு வியர்த்துவிட்டது. டாக்டர்களை வைத்து அவருக்கு மூளை சரியில்லை என்று எழுதி வாங்கி விஷயத்தை மூடினார்கள்.

சாட்டோ நல்லவரா என்று எனக்குத் தெரியாது. கோஹிமாவில் அவர் படை செய்த கொடுமைகள் இருக்கின்றன. அவரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டது நம் பட்டிமன்றத்தில் யாருமே கேட்காத கேள்வி. உப்பே போடாதவனுக்கு என்ன செஞ்சோற்றுக் கடன்? சத்தியம் மேலே இருக்கிறவனுக்கு மட்டும்தானா, கீழே பசித்துக் கிடக்கிறவனுக்கு இல்லையா?

சுதந்திரம் வந்தது. ஐ.என்.ஏ.க்காரர்களைத் திரும்ப ராணுவத்தில் சேர்த்துக்கொள்ள சுதந்திர இந்தியா மறுத்துவிட்டது. சத்தியம் மீறியவனை ரெஜிமென்டுக்குள் விட்டால் கட்டுப்பாடு என்னாவது என்பது வாதம். அவர்களோடு மோதிய ரெஜிமென்டுகளின் கௌரவப் பட்டியலில் 'இம்பால்' என்ற பெயர் ஏறியது, இன்றும் இருக்கிறது. 1972-ல் கொண்டுவந்த தியாகிகள் பென்ஷன் ஐ.என்.ஏ.க்காரர்களுக்கும் கிடைத்தது. குடியரசு தின அணிவகுப்பில் அவர்களை ஏற்றியது 2019-ல். நாலு பேர், எல்லோரும் தொண்ணூறு தாண்டியவர்கள். ஷா நவாஸின் சொந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அவர் இந்தியாவில் இருந்துகொண்டார், மீரட்டிலிருந்து எம்.பி. ஆனார், மந்திரியானார். ஒரே தேசம் இரண்டு பேருக்கும் மாலை போட்டது. பாக்கி எல்லா விஷயத்திலும் கறாராக இருக்கிற தேசம், இந்த ஒன்றில் எங்கள் ஊர் நடுவர் மாதிரியே நடந்துகொண்டது.

பட்டிமன்றத்தில் மேடை கிடைக்காத ஒரு கட்சி உண்டு என்று இப்போது தோன்றுகிறது. இலங்கை நகரத்து ஜனங்கள். அனுமன் வாலில் வைத்த தீயில் எரிந்தது யார் வீடு? கும்பகர்ணன் வீடா?

மணிப்பூர் சமவெளிக்காரர்கள் இந்த யுத்தத்தை 'ஜப்பான் லான்' என்பார்கள். ஜப்பான் யுத்தம். தங்கள் யுத்தம் என்று சொன்னதில்லை. அதற்கு முன் அவர்கள் நடத்திய யுத்தம் வேறு. 1939 டிசம்பரில், அரிசியை வெளியூருக்கு ஏற்றுமதி செய்து உள்ளூரில் பட்டினி போடுகிறார்கள் என்று பெண்கள் திரண்டு அதிகாரிகளை முற்றுகையிட்டார்கள். 'நுபி லான்', பெண்கள் யுத்தம். பிறகு அரிசி விளைந்த அந்த வயல்களில் ஓடுபாதை போட்டார்கள். 1944 ஏப்ரல் 14-ல் லோக்தாக் ஏரிக்கரை மொய்ராங்கில் கர்னல் ஷௌக்கத் மாலிக் ஐ.என்.ஏ. கொடியை ஏற்றியபோது உள்ளூர்க்காரர்கள் சிலர் முழு மனசோடு சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான கொய்ரெங் சிங் பின்னாளில் மணிப்பூரின் முதலமைச்சரானார். வேறு சிலர் பிரிட்டிஷாருக்கு வழி காட்டினார்கள். மலைக் கிராமங்கள் இரு தரப்பு பீரங்கிக்கும் நடுவே நின்று எரிந்தன. (2023-ல் சமவெளிக்கும் மலைக்கும் நடுவே மூண்ட கலவரம் வேறு கதை. அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.)

தௌபால் பக்கத்தில் நிங்கேல் என்று ஒரு கிராமம். கடல் எங்கேயோ இருக்க, அங்கே கிணற்றில் உப்புத் தண்ணீர் ஊறும். பெண்கள் அதை இறைத்து, அடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கச் சுண்டவிட்டு, வட்ட வட்ட அடைகளாகத் தட்டி எடுப்பார்கள். ஒரு காலத்தில் மணிப்பூரின் உப்பே அதுதான். அண்மைக் காலம் வரை சில குடும்பங்கள் அதைச் செய்துவந்தன. மகாராணியின் உப்பும் இல்லை, ராஜாவின் உப்பும் இல்லை, மிகாடோவின் உப்பும் இல்லை. 1944-ல் அந்தச் சமவெளிக்காரர்களிடம் யாரும் கை தூக்கச் சொல்லிக் கேட்கவில்லை. விமானச் சத்தம் கேட்டால் குழிக்குள் இறங்கினார்கள். நின்றதும் ஏறி வந்து அடுப்பைப் பற்றவைத்தார்கள்.